பென்சில் குறிப்பு இல்லாத விண்ணப்பங்கள்

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காணி வாங்குவோர், விற்போர், பங்கு பிரிப்போர், வேலித் தகராறு தீராதோர் எல்லோரும் எங்களிடம் வருவார்கள். பதிவு பெற்ற நில அளவையாளரான எங்கள் சேர் போய் அளப்பார். படவரைஞர்கள் அந்த அளவுகளைக் கணினியில் படமாக்குவார்கள். கோப்பு, கடிதம், ஆட்சேர்ப்பு மூன்றும் என் பொறுப்பு. நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால் இங்கே சொல்லப்போகும் நாட்களை நினைவை நம்பி எழுத வேண்டிய தேவை எனக்கில்லை.

ஆட்சேர்ப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பம் ஒன்று வந்தால் அதன் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி எழுதுவேன். இன்ன பாடசாலை அதிபரின் மருமகன். இன்ன கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் மகள். காத்தான்குடி, புடவைக் கடைக்காரர் குடும்பம். ஆள் தெரியாவிட்டால் தொலைபேசியில் அழைத்து ஊரைக் கேட்பேன், பிறகு கும்பிடுகிற கோயிலைக் கேட்பேன். இரண்டும் தெரிந்தால் எங்கள் பகுதியில் ஒருவரின் குடி, அதாவது தாய்வழிக் குலம், தெரிந்துவிடும். குடியை யாரும் நேரே கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. சேர் கடிதத்தைப் படிக்க முன்னர் அந்த மூலையைப் படிப்பார். மூலையில் சொல்லத்தக்க எதுவும் இல்லாத விண்ணப்பங்கள் கட்டின் அடிக்குப் போய்விடும். அப்படிப் போனவற்றில் அதிகமானவை வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வந்தவை.

இதை ஒரு குற்றமாக நான் நினைத்ததில்லை. எழுத்து அழகாக இருக்க வேண்டும், தகவல் பிழைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். தன்னாமுனையில் படிப்பித்த என் தகப்பனாரை சேரின் தகப்பனாருக்குத் தெரியும். பல வருடங்களுக்குப் பின் என் சொந்தக் கோப்பை ஒழுங்குபடுத்தியபோது பார்த்தேன். மூலையில் வேறொருவரின் கையெழுத்தில் ‘ஆசிரியரின் மகள்’ என்று இருந்தது. எனக்குக் கதவைத் திறந்த வரி அது. அதனால்தானோ என்னவோ, அதைச் சந்தேகிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

எங்கள் இரண்டு படவரைஞர்களில் இளையவர் வெளிநாடு போனபோது ஒரு பயிலுநர் படவரைஞர் இடம் வெறுமையானது. நான்கு விண்ணப்பங்கள் வந்தன. மூன்று தபாலில் வந்தன. நான்காவதை என் மேசைக்கு முன் நின்று நீட்டியவர் எங்களிடமே நான்கு வருடமாக வேலை செய்த ஒரு பெண்.

அவர் கோல் பிடிப்பவர். அளவைக் கருவி ஓரிடத்தில் நிற்க, முனையில் கண்ணாடி பொருத்திய கோலுடன் ஒருவர் காணியின் ஒவ்வொரு மூலைக்கும் போய் நிற்க வேண்டும். வெயில், சேறு, முள் எல்லாம் அந்த ஆளுக்குத்தான். முன்பு கோல் பிடித்தவர் நோயில் விழுந்த கிழமை, ஒரு காணிக்காரர் கூட்டி வந்த பெண் இவர். வயது முப்பதுக்குச் சற்று மேல், ஒரு பிள்ளையின் தாய். படுவான்கரையில் வாவி மீன்பிடிக் குடும்பம். கோலை நிமிர்த்திப் பிடித்தால் அது அசையாது. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறார் என்பதும், சனி ஞாயிறுகளில் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினிப் படவரைதல் படித்து முடித்திருக்கிறார் என்பதும் அந்த விண்ணப்பத்தை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“இதப் படிச்சி முடிச்சதச் சொல்லவே இல்லையே தங்கச்சி,” என்றேன்.

“நீங்க கேக்கல்லையே மிஸ்,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

அவர் போன பிறகு வழக்கம்போல் பென்சிலை எடுத்தேன். மூலையில் என்ன எழுதுவது? ‘நமது கோல் பிடிப்பவர்’ என்று எழுதினால் சேர் அடுத்த வரியைப் படிக்கமாட்டார். எழுதாமல் விட்டாலும் அடிக்குத்தான் போகும். பிறகு மற்ற மூன்றிலும் எழுதியிருந்ததை அழிறப்பரால் அழித்தேன்.

சேர் கட்டை வாங்கி முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

“என்ன மிஸ், மேல ஒண்டும் எழுதல்லையே. பென்சில் முடிஞ்சிதா?”

“இல்ல சேர். இந்தமுறை ஒரு பரீட்சை வச்சிப் பாப்பமா? தாளில பேர் போடாம, இலக்கம் மட்டும்.”

அவர் சிரித்தார். நால்வரில் ஒருவன் அவருடைய பள்ளிக்கூட நண்பரின் மகன், டிப்ளோமா படித்தவன். எப்படி வைத்தாலும் அவன் வருவான் என்ற நம்பிக்கை சேருக்கு இருந்தது. “வைங்க, வைங்க. மறுகா என்னக் குறை சொல்லப்படாது,” என்றார்.

எங்கள் மூத்த படவரைஞர் காத்தான்குடிக்காரர். அண்ணன் முறையில் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘நானா’. அவரோடு இருந்து பரீட்சையைத் தயாரித்தேன். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வாவிக்கரைக் காணியின் அளவுகளைக் கொடுத்து மூன்று மணித்தியாலத்தில் படமாக்கச் சொன்னோம். புள்ளித் திட்டத்தை நானே போட்டேன். அளவு பிசகாமைக்கு ஐம்பது, எழுத்துக்கும் அமைப்புக்கும் முப்பது, நேரத்துக்கு இருபது. உறையில் ஒட்டிய இலக்கங்கள், பூட்டிய மேசை லாச்சி. அந்த ஒழுங்கில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திருத்தி முடித்தபோது முதலாவதாக வந்தது இரண்டாம் இலக்கம். சுத்தமான, வேகமான வேலை. அதற்கு ஏழு புள்ளி குறைவாக மூன்றாம் இலக்கம். மற்ற இரண்டும் கீழே.

அந்த மூன்றாம் தாளில், வாவிப் பக்க எல்லைக் கோட்டுக்கு அருகே பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது: ‘அளந்தது முகத்துவாரம் வெட்டிய கிழமை. கரை இதைவிட உள்ளே வரும். திரும்பப் பார்க்கவும்.’

சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுந்து போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

வாவியை எங்கள் பேச்சில் ஆறு என்போம். மாரியில் ஆறு நிறைந்து வயலுக்குள்ளும் வீட்டு வளவுக்குள்ளும் ஏறும்போது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேட்டை வெட்டி விடுவார்கள். தண்ணீர் இரண்டொரு நாளில் வடியும், வழமையான மட்டத்துக்கும் கீழே இறங்கும். தட்டையான கரையில் ஒரு முழம் தண்ணீர் இறங்கினால் கரை எத்தனையோ அடி தள்ளிப் போகும். சில கிழமைகளில் அது திரும்பி வந்துவிடும். சேர் அந்தக் காணியை அளந்தது வெட்டிய நான்காம் நாள். தண்ணீர் நின்ற இடத்தைக் கரை என்று குறித்துவிட்டார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாததல்ல. அடைமழையால் தேங்கிய வேலைகளை முடிக்கும் அவசரத்தில், வெயில் வந்த முதல் நாளே போய் அளந்த பிழை அது. கையெழுத்து வைத்திருந்தால், வாவிக்குச் சொந்தமான நிலத்தை ஒருவருக்கு வளவாக எழுதிக் கொடுத்ததாக முடிந்திருக்கும்.

அந்தத் தாள் யாருடையது என்று உறையைப் பிரிக்காமலே எங்கள் மூவருக்கும் விளங்கிவிட்டது. அன்று அங்கே தண்ணீர் விளிம்பில் கோலோடு நின்றவர் ஒருவர்தான்.

சேர் அவரைக் கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவடியில் நின்றார். வெளிவேலைக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

“இத எழுதினது நீதானே?”

“ஓம் சேர்.”

“அண்டைக்குக் கோலப் பிடிச்சிட்டு நிண்டதும் நீதான். அவடத்த வச்சே சொல்லி இரிக்கலாமே.”

“அண்டைக்கு நில் எண்ட இடத்தில நிண்டன் சேர். இண்டைக்கு என்னட்டக் கேள்வி எண்டு ஒண்டு தந்தீங்க. அதான் எழுதினன்.”

நானா தன் கணினிக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “சேர், இவ்வளவு நாளும் நாம கோலுக்கு வாய் இல்ல எண்டு நினச்சிக்கிட்டம்.”

சேர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு உறைகளைப் பிரித்தார். இரண்டாம் இலக்கம் நண்பரின் மகன். என்னிடம் திரும்பினார்.

“சொன்னது சரி. அதுக்கு நன்றி. ஆனா மார்க் ஏழு கூட வந்திரிக்கி பொடியனுக்கு. நீங்க போட்ட திட்டம் மிஸ். இப்ப மாத்தினா ஆள் பாத்து மாத்தினதெண்டுதான் கதைப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபத்தாறு ஆண்டில் ஒரு புள்ளியையும் நான் பின்னால் போய்த் திருத்தியதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தாளை மடியில் வைத்து மறுபடி பார்த்தேன். புள்ளிகளில் பிழையில்லை. பரீட்சை பிழைத்திருந்தது, அதுவும் இரண்டு விதமாக. எழுத்தழகுக்கு முப்பது வைத்த நான், அளவு உண்மையா என்று பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததற்கே புள்ளி போட்டிருக்கிறேன். மறுபக்கத்தில், நால்வரில் ஒருவர் மட்டும் நேரில் நின்ற காணியைக் கேள்வியாக்கியதும் சரியில்லை. மற்ற மூவருக்கும் அது அநியாயம்.

காலையில் இரண்டையும் சேரிடம் சொன்னேன். புள்ளியைத் தொட வேண்டாம், பரீட்சையைத் திரும்ப வைப்போம், ஒருவரும் முன்பு போகாத இடத்தில், பாதி களத்தில் பாதி மேசையில், புள்ளித் திட்டம் எல்லோருக்கும் முன்கூட்டியே என்றேன்.

அவர் நெற்றியைத் தடவினார். “அது சரி மிஸ். இன்னொரு கரச்சல் இரிக்கி. அவ மேசைக்கு வந்தா, கோல் பிடிக்க அவவப் போல ஒரு ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?”

“அந்தக் காரணத்துக்காகத்தான் சேர் நாலு வருசமா அவவ அவடத்தயே வச்சிரிக்கம்,” என்றேன். இப்படி அவரிடம் நான் முன்பு பேசியதில்லை. அதையும் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் பழைய புள்ளித் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “கடிதத்த அடிங்க,” என்றார்.

நால்வருக்கும் ஒரே கடிதம் போனது. பயிற்சி செய்ய விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் கணினியைப் பாவிக்கலாம் என்றும் எழுதினேன். ஒருத்திக்கு வேறிடத்தில் வேலை கிடைத்ததால் விலகிக்கொண்டாள். டிப்ளோமா பொடியனிடம் சொந்தக் கணினி இருந்தது. மற்றொருவர் ஒரு நாள் வந்தார். எங்கள் கோல்காரர் இரண்டு கிழமையும் தவறாமல் வந்தார். சோற்றுப் பொதியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு உட்காருவார். நானா பக்கத்தில் போய் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் முன்பே கேட்டிருந்தேன். ஒரு தரம் மட்டும் தாங்காமல், “புள்ள, எழுத்து எறும்பு போற மாதிரிப் போகுது, அவங்கள நேரா நடக்கச் சொல்லுங்க,” என்றார்.

“நடப்பாங்க நானா. அதுகளுக்கு இன்னும் பாதை பழகல்ல,” என்றார் அவர்.

களப் பரீட்சை அமிர்தகழிக்கு அப்பால் வாவிக்கரையில் நடந்தது. ஒவ்வொருவரும் கருவியை நிறுத்தி, மூலைகளை அளந்து, வழமையான கரை எதுவென்று குறித்து, ஏன் என்பதையும் எழுத வேண்டும். அன்று மூவருக்கும் கோல் பிடித்தவர் நானா. “சும்மா சொல்லக்கூடாது, இது லேசான வேலை இல்ல,” என்று ஒரு மணித்தியாலத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

பொடியன் கருவியை நிறுத்திய வேகம் அழகு. அவன் சேற்றில் இறங்கவும் தயங்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எங்கள் பெண்ணோ கருவியைத் தொடாமல் முதலில் கரையோரமாக நடந்தார். காய்ந்த பாசி ஒதுங்கிய வரிசையைப் பார்த்தார், சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றையின் வேரைப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளி வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் போனார்.

“அண்ணன், மாரியும் இல்லாம கோடையும் இல்லாம நடுவில, ஆறு எவடத்த நிக்கும்?”

அவர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பொடியன் என்னிடம் வந்தான். “மிஸ், சோதினையில ஆக்களிட்டக் கேக்கலாமா?”

அதற்கு நான் விதி எழுதவில்லை. எதையும் விட்டுவிடமாட்டேன் என்று பெயர் எடுத்தவள், இதை விட்டுவிட்டேன். சேரைப் பார்த்தேன்.

“வேலையில கேக்கலாம்தானே,” என்றார் சேர். “அப்ப இதிலயும் கேக்கலாம். நீயும் போய்க் கேளு தம்பி.”

அவனும் போய்க் கேட்டான். மூன்றாமவரும் கேட்டார். வலைக்காரர் மூவருக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். மூன்றாம் முறை, “ஏன் தம்பி, அந்தத் தங்கச்சி சொன்னா நம்பமாட்டீங்களா?” என்று கேட்டாராம்.

சேரும் நானாவும் தனித்தனியே புள்ளி போட்டார்கள். நான் கூட்டி, வேறொரு தாளில் திரும்பவும் கூட்டினேன். எங்கள் பெண் ஐந்து புள்ளி முன்னால் இருந்தார். எழுத்தில் பொடியனுக்கே கூடுதல் புள்ளி. கரைக்கோட்டில்தான் வித்தியாசம். வலைக்காரர் சொன்ன இடத்தை அவன் அப்படியே குறித்திருந்தான். எங்கள் பெண் அதைப் பாசி வரிசையோடும் வேரோடும் ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் சற்றே மாற்றிக் குறித்து, மாற்றியதற்குக் காரணமும் எழுதியிருந்தார்.

சேர் தாளை மேசையில் வைத்துவிட்டு, எங்கள் முன்னாலேயே நண்பருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மச்சான், உன்ட மகன் நல்லாச் செய்தவன். ரெண்டாவதா வந்திரிக்கான்.” மறுபக்கம் கேள்வி. “ஓம், அவதான். கோல் பிடிச்சவதான்.” “இல்ல மச்சான், தெரியாமச் செய்யல்ல. ரெண்டு தரம் பாத்துத்தான் செய்தன். நீ ஏசிறதெண்டா இரவைக்கு வீட்ட வந்து ஏசு, சாப்பாட்டோட.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அவவ வரச் சொல்லுங்க மிஸ்.”

அவர் வழக்கம்போல் கதவடியில் நின்றார். “உள்ளுக்கு வாங்க,” என்றார் சேர். “இரிங்க.” நான்கு வருடத்தில் அந்தப் பெண்ணை அவர் ‘வாங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியின் விளிம்பில். நியமனக் கடிதத்தை முழுவதும் வாசித்தார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன், கலங்கவில்லை. “மிஸ், திங்கள் எண்டு போட்டிருக்கு. செவ்வாய்க்கு அந்த வாவிக்கரைக் காணியத் திரும்ப அளக்கணும். கோல் ஆர் பிடிக்கிற?” என்று கேட்டார்.

“நாந்தான் பிடிக்கணும் போல,” என்றார் நானா, முழங்காலைத் தடவியபடி.

அதன் பின் எங்கள் அலுவலகத்தில் சில காரியங்கள் மாறின. விண்ணப்பங்களின் மூலையில் இப்போது இலக்கம் மட்டும்தான். வெற்றிட அறிவித்தலைப் படுவான்கரை நூலகங்களுக்கும் ஏறாவூருக்கும் ஓட்டமாவடிக்கும் நானே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வருகிறேன். வெளிவேலைக்காரரின் வரவை முன்பு நான் வேறொரு புத்தகத்தில் புள்ளடி போட்டுக் குறிப்பேன். இப்போது எல்லோருக்கும் ஒரே வரவு இடாப்பு, அவரவர் கையெழுத்து. கருவியைப் பெட்டிக்குள் வைக்க முன்னர், கோல் பிடித்தவருக்குச் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டு, சொன்னதை அளவுத் தாளில் எழுத வேண்டும் என்பது சேர் தானே கொண்டுவந்த விதி. ‘ஒன்றும் இல்லை’ என்றாலும் எழுத வேண்டும். பெரிய மாற்றங்கள் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு, அந்த அலுவலகத்தில் நான் செய்த வேலைகளில் மனம் நிறைந்தவை இவைதான்.

அந்த வாவிக்கரைக் காணி, தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்த பிறகு மறுபடி அளக்கப்பட்டது. படத்தை வரைந்தவர் என்ற கட்டத்தில் எங்கள் பெண்ணின் பெயர் முதல் தடவையாக அச்சானது. மை கொஞ்சம் மங்கிய ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டார். காணிக்காரரின் பெயர் இருந்த பகுதியை வெட்டிவிட்டுக் கொடுக்கச் சொன்னார் சேர்.

மறுநாள் நான் இடாப்பைத் திறக்க முன்னரே அவர் வந்து, அளவுத் தாள்களை விரித்து வைத்திருந்தார்.

“என்ன தங்கச்சி, இவ்வளவு வெள்ளண?”

“அப்பா படத்தப் பாத்துட்டு பிழை எண்டுட்டார் மிஸ். தெக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஓடை ஏறுமாம், நான் அதப் போடல்லையாம். நாப்பது வருசம் அந்த ஆத்தில தோணி விட்டவனுக்கு நீ படிப்பிக்கிறியா எண்டு ஒரே பேச்சு.”

நான் எழுந்து அவருடைய மேசைக்குப் போனேன். ஒரு பிழை இருந்தால் அந்தப் படம் இன்று கையெழுத்துக்குப் போகாது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துத் தெற்கு எல்லை வரை போனார். பிறகு அடுத்த காணியின் பழைய படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். விரல் அங்கே நின்றது.

“அப்பா சொன்ன ஓடை இரிக்கி மிஸ். சரியாத்தான் சொல்லியிருக்கார்,” என்றார். “ஆனா அது பக்கத்துக் காணியில. எங்கட கோட்டுக்கு வெளியால.”

“அப்ப?”

“அப்ப படம் சரி. இண்டைக்குப் போய் அவருக்கும் சொல்லணும், அவரும் சரி எண்டு. இல்லாட்டி எனக்குச் சோறு கிடையாது.”

படத்தைச் சேரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். சேர் தெற்கு எல்லையை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டு, பேனையைத் திறந்து கையெழுத்து வைத்தார்.